நீ உதைத்த விலா

அண்ணா,

இன்று மத்தியானம் டியூட்டி ரூமில் என் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிச் சுவரில் அடித்துவிட்டேன். எலுமிச்சை சாதம் சுவரெல்லாம் ஒட்டிக்கொண்டது. கூட உட்கார்ந்து சாப்பிட்ட நர்ஸுகள் டப்பாவை மூடிக்கொண்டு மெதுவாக வெளியே போய்விட்டார்கள். நீயும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று யாராவது சந்தேகப்பட்டிருந்தால் இன்றோடு தீர்ந்திருக்கும்.

காரணம் ஒரு போட்டோ. ரேவதி என்று ஒரு பெண் எங்கள் வார்டுக்குப் புதிதாக வந்திருக்கிறாள், மணவாள நகர்க்காரி. மஸ்கட்டில் நம் பக்கத்துப் பேச்சு காதில் விழுந்தால் விடுவேனா, வந்த அன்றே பிடித்துக்கொண்டேன். ஊரில் அப்பா அம்மாவுக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கிறாள். மாடியில் சோலார் போட்டு முடித்துவிட்டார்கள் என்று சந்தோஷமாகப் போனை நீட்டினாள். மேலே நீல நீலமாகப் பேனல்கள், கீழே வாசலில் முகம் பார்க்கிற மாதிரி கிரானைட்.

"எர்த்துக் குழி எங்க?" என்றேன்.

"அது பாக்க அசிங்கமா கீதுன்னு காண்டிராக்டரே மேல கல்லு போட்டு மூடிக் குடுத்துட்டாருக்கா. நீட்டா கீதுல்ல?"

அப்போதுதான் டப்பா பறந்தது.

அவள் அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை. அந்த ஆளுக்குப் போன் போடு என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டேன். "மேடம், குழிக்குள்ள எல்லாம் சரியா போட்டுக்கீறோம், மேலதான் மூடிக்கீது" என்றான். "அப்போ வெயில் காலத்துல அதுக்குத் தண்ணி எங்கடா ஊத்துவ, உன் வாயிலயா?" என்றேன். அதற்குப் பிறகு நான் பேசியதை எல்லாம் எழுத முடியாது. உனக்குத் தெரியும், அத்தனையும் உன் வார்த்தைகள். போனை வைத்தேன். சுவரைத் துடைத்தேன், ரேவதிக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். உன்னோடு பேசி எவ்வளவு நாளாகிறது.

நீ கை நீட்டாத ஆள் நம் ஊரில் இல்லை. நைனா உன்னைச் சைக்கிள் டியூபால் அடிப்பார், அந்தக் கோபத்தில் நீ எருமையை அடிப்பாய், எருமை வந்து என்னை முட்டும். நம் வீட்டில் பாசம் அப்படித்தான் சுற்றி வந்தது. என் சடையைப் பிடித்து இழுத்தவனை நீ வாய்க்காலில் தலைகீழாக அமுக்கியதைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இல்லை, பயமாக இருந்தது. அவன் கால்கள் உதறியதை இன்னும் மறக்கவில்லை. உனக்கு நிறுத்தத் தெரியாது. யாராவது இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தால்தான் நிற்பாய்.

என்னையும் ஒரு முறை அறைந்தாய். நடவு நேரம். பம்புசெட் கொட்டகையில் மோட்டார் நின்றுவிட்டது என்று நான் வாய்க்காலில் இருந்து அப்படியே ஓடிப் போய், ஈரக் கையால் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடப் போனேன். எங்கிருந்து வந்தாயோ தெரியவில்லை. விழுந்த அறையில் சேற்றில் போய் விழுந்தேன். வாயெல்லாம் சேறு. நைனாவிடம் சொல்லிக் கொடுப்பதாகக் கத்தினேன். நீ என் தலைமயிரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாய்.

"இரும்பு எதுவா இருந்தாலும் மொதல்ல பொறங்கையால தொடு பாப்பா. கரண்டு இருந்துச்சின்னா கை சுருட்டிக்கும். உள்ளங்கையா இருந்தா அப்டியே அதப் புடிச்சிக்கும், விடாது. பொறங்கைன்னா ஒதறித் தள்ளிடும். அடி வாங்கினாலும் பரவால்ல, மாட்டிக்காத."

அடி வாங்கினாலும் பரவாயில்லை, மாட்டிக்கொள்ளாதே. உனக்குத் தெரிந்த உலகம் மொத்தமும் அந்த ஒரு பேச்சில் இருந்தது.

அந்தக் கோபத்தோடுதான் நீ கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற ஆலைக்கு எலக்ட்ரீஷியனாகப் போனாய். அங்கே உனக்கு ஏற்ற சத்தம் இருந்தது. வேலை முடிந்து வரும்போது உடம்பெல்லாம் இரும்புத் தூள். அடியில் தடித்த ரப்பர் வைத்த அந்தக் கறுப்பு ஷூவை வாசலில் கழற்றிப் போட்டால் தெரு நாய்கூடக் கிட்டே வராது. நான் நர்ஸிங் முடித்தேன், கல்யாணம் ஆனது, அவரோடு மஸ்கட் வந்தேன். இரண்டு பேருக்கும் மாறி மாறி ஷிப்ட், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பவி நடக்க ஆரம்பித்ததும் அம்மாவிடம் கொண்டுவந்து விட்டேன். அதற்குள் நைனா போய்ச் சேர்ந்திருந்தார். அம்மாவும் பவியும் இருக்கத்தான் கவரைப்பேட்டையில் அந்த வீட்டைக் கட்டினோம். என் கொழுந்தனார் உள்ளூரிலேயே இருந்ததால் கட்டட வேலையை அவர் பார்த்துக்கொண்டார்.

சோலார் என் ஆசை. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் இருக்கிற ஆசைதான். கரண்டு போனாலும் கேமரா அணையக் கூடாது. பிள்ளை என்ன செய்கிறாள், அம்மா மாத்திரை போட்டாளா என்று போனில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பேனலும் பேட்டரியும் போட ஒரு காண்டிராக்டரைக் கொழுந்தனார் பிடித்தார். எர்த்து மட்டும் நான் போடுகிறேன், வேறு எவனும் கை வைக்கக் கூடாது என்று நீ சொல்லிவிட்டாய். ஷிப்ட் முடிந்து தூங்காமல் வந்து, ஆள் இறங்கி நிற்கிற ஆழத்துக்கு நீயே தோண்டினாய். அடியில் செம்புத் தகடு, அதன் மேல் கரி, அதன் மேல் கல்லுப்பு, மறுபடி கரி, மறுபடி உப்பு. தண்ணீர் ஊற்ற நடுவில் ஒரு குழாய். குழிக்குள் நின்றுகொண்டே எனக்கு வீடியோ கால் போட்டாய். வேர்வையும் கரியுமாக உன் பல் மட்டும் தெரிந்தது.

"கரண்டுக்கும் ஓடிப் போவ ஒரு வழி வோணும் பாப்பா. வழி இல்லன்னா மனுசன் மேலதான் ஏறும். இதுக்கு வாரம் ஒரு கொடம் தண்ணி ஊத்தணும். மண்ணு காஞ்சி போச்சின்னா இது வெறும் பள்ளம்தான். ஃபாரின்காரங்க ஊட்ல எல்லாம் இத்த மறந்துடறானுங்க."

கிரகப்பிரவேசத்துக்கு நாங்கள் வந்தோம். அன்று காலை நைட் ஷிப்ட் முடித்து அழுக்குச் சட்டையோடு நீ நேராக வாசலுக்கு வந்தாய். பந்தல், வாழைமரம், மாக்கோலம், கன்றோடு பசுமாடு, வீடியோக்காரர் எல்லாம் தயார். சிரித்துக்கொண்டே வந்த நீ வாசலின் மூலையில் நின்றுவிட்டாய். குழி இருந்த இடத்தில் பளபளப்பான கல்.

"குழி எங்க?" என்றாய்.

கொழுந்தனார் பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தார். "இல்ல மச்சான், வாஸ்து பாத்தவரு ஈசானிய மூலைல உப்பும் கரியும் பொதைக்கக் கூடாதுன்னாரு. ஊட்டுக்கே ஆவாதாம். அதான் எடுத்துட்டு மூடிட்டோம். வீடியோவுலயும் நல்லா வரும்."

"பிளேட்டு?"

"உள்ள பத்திரமா கீது மச்சான். மேல இருந்து வந்த கம்பியக்கூட செவுத்துக்குள்ள வெச்சிப் பூசிட்டோம், வெளிய தெரியாது."

நீ சிரித்தாய். அடிப்பதற்கு முன்னால் சிரிக்கிற அந்தச் சிரிப்பை நான் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். கையில் பால் பாத்திரத்தோடு ஓடி வந்தேன், அதற்குள் நீ பின்பக்கம் போய்க் கடப்பாரையோடு திரும்பிவிட்டாய். முதல் குத்திலேயே கிரானைட் பிளந்தது. பசு கயிற்றை அறுத்துக்கொண்டு தெருவில் ஓடியது, கன்று அதன் பின்னால். கொழுந்தனார் உன் சட்டையைப் பிடித்தார். நீ கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு வெறும் முஷ்டியால் அவர் வாயில் குத்தினாய். அவர் பல் ஒன்று கோலத்தின் மேல் விழுந்தது. அதற்குப் பிறகு அவர்கள் பக்கத்து ஆட்கள் மொத்தமும் உன் மேல் பாய்ந்தார்கள். பந்தல் கழியால் அடித்தார்கள். எவனோ இரும்பு நாற்காலியை மடக்கி உன் தலையில் இறக்கினான். நீயும் விடவில்லை, ஒருவன் காதைக் கடித்தாய். ஐயர் ஹோம குண்டத்தின் பின்னால் பதுங்கிக்கொண்டார். வீடியோக்காரர் மட்டும் நிறுத்தாமல் எடுத்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நானும் உன்னை அறைந்தேன். என் மஞ்சள் கை உன் கன்னத்தில் அப்படியே பதிந்தது. அதற்காக எனக்கு வருத்தமில்லை அண்ணா, இன்றும் இல்லை. நான் ஆசை ஆசையாகக் கட்டிய வீட்டு வாசலில் ரத்தம் கொட்டவிட்டாய். மறுபடி அந்த இடத்தில் நின்றால் மறுபடி அறைவேன்.

நெற்றியில் இருந்து வழிந்த ரத்தம் உன் கண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. நீ துடைக்கவில்லை.

"அடி, நல்லா அடி. ஆனா கேட்டுக்கோ. மெயின எறக்கிட்டா கரண்டு செத்துடும்னு மட்டும் நெனைக்காத. மாடி மேல கீற சோலார் பிளேட்டு வெயில் அடிக்கிற வரிக்கும் சாவாது. அது பாட்டுக்குத் தள்ளிக்கினே இருக்கும். அது போவறதுக்கு வழி வைங்கடா. இந்த ஊட்ல என் தங்கச்சி புள்ள கீறா."

சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனாய். கோமியம் தெளித்து, உடைந்த கல்லின் மேல் பாயை விரித்து, ஹோமம் நடந்தது. ஆல்பம் வந்தபோது ஒரு படத்திலும் நீ இல்லை.

அதற்குப் பிறகு நீ என் வீட்டுப் படி மிதிக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. கொழுந்தனாரை மட்டும் விடாமல் நச்சரித்தேன். பின்பக்கம் புதுக்குழி போட்டாகிவிட்டது என்று அவர் ஒரு வீடியோ அனுப்பினார். பச்சை வண்ணம் அடித்த சிமெண்ட் மூடி ஒன்று தெரிந்தது. "பாருங்க அண்ணி, போட்டாச்சி. இனிமே நிம்மதியா இருங்க" என்று அவர் குரல். பல் போன ஓட்டையில் காற்றுப் போகிற குரல்.

அந்த நாளைப் பற்றி உன்னிடம் நான் முழுதாகப் பேசியதே இல்லை. இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது.

ஊரில் முந்தின நாள் சாயந்தரம் மழை. அன்று நல்ல வெயில், பள்ளிக்கூடம் லீவு. நான் காலை மருந்தெல்லாம் கொடுத்து முடித்துவிட்டு டியூட்டி ரூமில் டீயோடு உட்கார்ந்து போனில் வீட்டைத் திறந்தேன். பின்பக்கக் கேமரா. மாடிக்குப் போகிற இரும்புப் படிக்கட்டின் அடியில், ஈர மண்ணில், பவி வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை மேலே தூக்கி நின்றாள். கேமராவில் சத்தம் வராது. எனக்காகத்தான் நிற்கிறாள், அவள் வழக்கமாகக் கேமராவைப் பார்த்து அப்படி நிற்பாள் என்று சிரித்துக்கொண்டே டீயைக் குடித்தேன்.

அவள் அசையவில்லை.

அம்மா சமையலறையில் இருந்து வெளியே வந்தாள். தலையில் கை வைத்துக்கொண்டாள். வாய் திறந்து திறந்து மூடியது. உள்ளே ஓடினாள். மெயினை இறக்கத்தான் ஓடினாள் என்று பின்னால் தெரிந்தது. இறக்கியும் விட்டாள். ஆனால் பேட்டரியில் கேமரா ஓடிக்கொண்டே இருந்தது, வெயில் அடித்துக்கொண்டே இருந்தது, என் பிள்ளை அந்தக் கம்பியை விடவே இல்லை.

அப்போது மதில் மேல் ஒரு கை தெரிந்தது. பிறகு தலை. நீ. ஆலைச் சட்டை, கறுப்பு ஷூ. குதித்த வேகத்தில் நிற்காமல் ஓடி வந்தாய். ஓடி வந்து, என் பெண்ணின் விலாவில், உன் முழு பலத்தோடு எட்டி உதைத்தாய். அவள் காற்றில் பறந்து பப்பாளி மரத்தடியில் போய் விழுந்தாள்.

சத்தமே இல்லாமல் நான் பார்த்தது அவ்வளவுதான். உன் ஆங்காரமும் என் வீட்டோடு இருந்த பகையும் அவள் மேல் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்? "எங்க அண்ணன் எம்புள்ளைய சாவடிக்கிறான்" என்று நான் போட்ட சத்தத்தில் வார்டே கூடிவிட்டது. டாக்டர் என்னைப் பிடித்து உட்காரவைத்தார். அவர் கையைப் பிராண்டியிருக்கிறேன். உன்னைக் கொல்ல வேண்டும், அடுத்த விமானத்தில் போய் என் கையாலேயே கழுத்தை நெரிக்க வேண்டும் என்று நினைத்தேன். அதை மட்டும்தான் நினைத்தேன்.

அம்மா போன் எடுக்க நேரமானது. எடுத்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "உயிரோட கீறாடி. அவன் ஒதைக்கலன்னா இன்னிக்கு நம்ம புள்ள இல்லடி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போறோம்."

எலி கடித்திருந்தது, அவ்வளவுதான். பேனலில் இருந்து வருகிற இரண்டு கம்பியையும் கடித்திருந்தது. ஒன்று படிக்கட்டு இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது, இன்னொன்று மழையில் நனைந்த சுவரில். மண்ணுக்குப் போக வழி இல்லாத கரண்டு என் ஆறு வயதுப் பிள்ளையை வழியாக்கிக்கொண்டது. எப்படிச் சரியாக அந்த நேரத்துக்கு நீ வந்தாய் என்று கேட்டதற்கு அம்மா அழ ஆரம்பித்தாள். "தெனமும் வருவான்டி. ஷிப்ட்டு முடிஞ்சி கேட்டாண்ட நின்னு புள்ளையப் பாத்துட்டுத்தான் போவான். உள்ள வாடான்னா வர மாட்டான். உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னான்." முன்பக்கக் கேமராவில் கேட்டுக்கு வெளியே தெரியாது. அதனால் நான் பார்த்ததே இல்லை.

மறுபடி போனைத் திறந்தபோது மாடிக் கேமராவில் நீ மட்டும் இருந்தாய். அம்மாவையும் பவியையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, பக்கத்து வீட்டு மாடி வழியாக எங்கள் மாடிக்கு ஏறியிருந்தாய். கொல்லையில் சுருட்டிக் கிடந்த எங்கள் கிரகப்பிரவேச பேனரைத் தூக்கிப் போய்ப் பேனல்கள் மேல் விரித்து, நாலு பக்கமும் செங்கல் வைத்தாய். நானும் அவரும் கைகூப்பிச் சிரிக்கிற பேனர். வெயிலை எங்கள் முகத்தால் மூடினாய். பிறகு இறங்கி வந்து, பேனலில் இருந்து இன்வெர்ட்டருக்கு வருகிற கம்பிகளைப் பிடுங்கி எறிந்தாய். பேட்டரியைத் தொடவில்லை, கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்தனார் பதறியடித்துக்கொண்டு வந்தார். நீ அவர் கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தரதரவென்று படிக்கட்டுக்கு இழுத்துப் போனதைப் பார்த்தேன். அவர் முட்டி தேய்ந்து ரத்தம் வந்தது. என்ன பேசினீர்கள் என்று பின்னால் நீ சொல்லித்தான் தெரியும்.

"தொடு."

"மச்சான், வோணாம் மச்சான்."

"எர்த்து போட்டுக்கீறல்ல? அண்ணிக்கு வீடியோ அனுப்பினல்ல? அப்போ இன்னா பயம்? தொடுறா."

"மச்சான், எனக்கும் புள்ளைங்க கீது..."

"உள்ளங்கை வோணாம். பொறங்கையாலயாச்சும் தொடு."

அவர் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு அழுதார். "போடல மச்சான்! குழியே போடல! வெறும் மூடிதான் வெச்சேன்! மறுபடி தோண்டினா ஆவாதுன்னு விட்டுட்டேன்!"

நீ அவரை விட்டாய். பிறகு நீயே போய் அந்தக் கம்பியை உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாய். அதில் அப்போது ஒன்றுமே இல்லை, செத்த இரும்பு. அது உனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். போனில் அந்த ஓட்டத்தைப் பார்த்து எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

உன்னை அத்தோடு விட்டார்களா? பொன்னேரி ஆஸ்பத்திரியில் பிள்ளையின் விலாவில் ஷூ அடையாளத்தைப் பார்த்ததும் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். நர்ஸ் நான், நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன். "கொழந்தைய ஒதைச்சியாடா?" என்று கேட்டதற்கு, "ஆமா சார், நாந்தான் ஒதைச்சேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாயாம். ஏன் என்று கேட்பதற்கு முன்னால் அடி விழுந்துவிட்டது. அம்மா ஓடிப் போய்ச் சொல்லி உன்னை மீட்டுக்கொண்டு வந்தபோது உன் ஒரு கண் திறக்கவில்லை. "கையால இழுத்திருந்தா ரெண்டு பேரும் ஒட்டிக்கினு கெடந்திருப்போம்னு சொல்ல வந்தேன் சார், நீங்க அதுக்குள்ள அடிச்சிட்டீங்க" என்று நீ அந்த ஏட்டிடம் சொன்னதை அம்மா சொல்லிச் சொல்லி அழுவாள்.

நான் வந்து இறங்கியபோது பவிக்கு விலாவில் கட்டு, உள்ளங்கையில் குறுக்கே கறுத்த கோடாகத் தீக்காயம். "மாமா என்ன ஒதைச்சாரும்மா" என்று புகார் சொன்னாள். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பச்சை மூடியை உடைத்து எறிந்துவிட்டு நீ தோண்டிக்கொண்டிருந்தாய். கொல்லை வாசலில் உன் ஷூ கிடந்தது. நான் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"சீ, சாணி மிதிச்சிக்கீதுடி அதுல" என்றாய் குழிக்குள் இருந்து.

அன்று அவ்வளவுதான் நாம் பேசிக்கொண்டது. நான் கரியைக் கொட்டினேன், நீ உப்பைக் கொட்டினாய். முதல் குடம் தண்ணீரை என்னை ஊற்றச் சொன்னாய். மண் குபுகுபுவென்று குடித்தது. முன் வாசலில் அன்று உடைக்காமல் விட்ட கல்லையும் மிச்சமில்லாமல் உடைத்துத் தள்ளினாய், இந்த முறை உன்னைத் தடுக்க எவனும் வரவில்லை.

உன் சாவைப் பற்றி எழுத எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. நீ யாரையும் காப்பாற்றப் போய்ச் சாகவில்லை. சண்டையில் சாகவில்லை. கரண்டும் உன்னைத் தொடவில்லை. மழைக் காலத்தில் நனைந்த பழைய இரும்பை எவனோ பார்க்காமல் உலைக்குள் போட்டான். தண்ணீர் பட்டதும் உருகிய இரும்பு வெடித்துக் கூரை வரைக்கும் எழும்பியது. நீ ஒரு கேபிளைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கமாகச் சும்மா நடந்துகொண்டிருந்தாய். உலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஊர் முழுக்க எல்லோரையும் அடித்து உதைத்துத் திரிந்த உன்னை, அன்று ஓடி வந்து எட்டி உதைத்து அந்தப் பக்கம் தள்ளிவிட ஒருவன் இல்லை அண்ணா. ஒரு நாய் இல்லை.

சென்னையில் பிணவறையில் துணியைத் திறக்க வேண்டாம் என்றார்கள். நான் நர்ஸ் என்று சொல்லித் திறந்தேன். எத்தனையோ தீக்காயம் பார்த்தவள்தான், உன்னைத் தேட வேண்டியிருந்தது. நெற்றியில் கொஞ்ச இடம் மட்டும் நீயாக இருந்தது, அந்த இரும்பு நாற்காலித் தழும்பு இருந்த இடம். கை தானாகத் திரும்பியது. புறங்கையால்தான் தொட்டேன். கை உதறவில்லை. அதற்குப் பிறகுதான் நீ செத்துப் போனதை நம்பினேன்.

கொழுந்தனார் இப்போது வாரம் தவறாமல் வந்து குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார் என்று அம்மா சொல்கிறாள். நான் அவரோடு இன்னும் பேசவில்லை. பேசவும் மாட்டேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே ரேவதி ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறாள். மணவாள நகரில் அவள் அப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடப்பாரையால் வாசல் கல்லை உடைக்கிறார். பாவம், பழக்கமில்லாத கை, இரண்டு குத்துக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்குகிறார். அந்தக் காண்டிராக்டர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிறான். நீ இருந்திருந்தால் கல்லோடு அவனையும் சேர்த்து இடித்திருப்பாய்.

பவி இப்போது எங்களோடு இங்கேதான் படிக்கிறாள். உன் உயரம் வந்துவிடுவாள் போலிருக்கிறது. ஃப்ரிட்ஜ், கதவுப் பிடி, பள்ளிக்கூட பஸ்ஸின் கம்பி, எதுவாக இருந்தாலும் முதலில் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் பிடிப்பாள். நானும் அப்படித்தான். இரண்டு பேரையும் பார்த்து அவர் சிரிப்பார். உடைந்த விலா கொஞ்சம் கோணலாகத்தான் சேர்ந்தது. ஏ.சி. குளிரில் வலித்தால் "மாமா ஒதைக்கிறாரும்மா" என்று வந்து பக்கத்தில் படுத்துக்கொள்வாள். சட்டைக்கு மேலேயே அந்த மேடு கைக்குத் தட்டுப்படும்.

அந்த எலும்பை மட்டும் நான் உள்ளங்கையால் தொடுகிறேன் அண்ணா. இறுக்கித்தான் பிடிக்கிறேன். மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொள்கிறேன்.

உன் பாப்பா